ஏட்டுக்கு மாமூல்

"ஒரு நாய்க்குச் சோறு போட வக்கில்லாதவன் என்னாத்துக்குத் தம்பி நாய் வளக்குற? எங்க மாமியாருக்கு வெச்ச படையலை இது நக்கிட்டுப் போயிருக்கு! செத்தவங்க பசியோட திரும்பிப் போனா அந்தப் பாவம் எனக்கா, ஒனக்கா?"

"அக்கா, சத்தியமா சொல்றேன், காலையில மூணு தட்டு தின்னுட்டுத்தான் வந்துருக்கு. எண்ணி மூணு."

"மூணு தட்டு தின்னது நாலாவதுக்கு எங்க வூட்டுச் செவுத்துல ஏறுமா? வடை, பாயசம், வாழக்கா பொரியல், ஒண்ணு விடல. எலையையும் தின்னுருக்கு தம்பி, எலையை! மாடு தின்னா ஒத்துக்கலாம். நாய் எங்கயாவது வாழயெல திங்குமா?"

ஆடி அமாவாசை, பதினொன்றரை மணி வெயில். அரியலூரில் செந்துறை ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில், சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் வெள்ளைத் தூசியைத் தலையில் வாங்கிக்கொண்டு நிற்கும் வேப்பமரங்களுக்குக் கீழே, எல்லா வீட்டு கேட்டும் கால்வாசி திறந்திருந்தது. கமலவேணியின் குரல் உயர்ந்தால் கேட் திறக்கும். அது அந்தத் தெருவின் பழக்கம். சண்டைக்கு நடுவே குற்றவாளி உட்கார்ந்திருந்தது. யார் பேசினாலும் அவர் பக்கம் தலையைத் திருப்பி, இரண்டு தரப்பும் சொல்லி முடிக்கட்டும், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது. மூக்கு நுனியில் பாயசத்துச் சேமியா ஒன்று ஒட்டியிருந்தது.

அந்த நாயின் பெயர் ஏட்டு. அதை வளர்க்கும் அரவிந்தன் முதலில் வைத்த பெயர் வேறு ஏதோ. அது ரேஷன் கார்டில் இருக்கும் பெயர்போல யாருக்கும் பயன்படவில்லை. காக்கி நிறம், தொங்கும் கன்னம், நிதானமான நடை. எதிர் வீட்டுப் பரிமளாதான் முதலில் "ஏட்டையா வராரு" என்றாள், ஒட்டிக்கொண்டது. சித்திரை மாதத்திலிருந்து பெயருக்கேற்ற காரியமும் செய்ய ஆரம்பித்தது. காலை ஒன்பது மணிக்குத் தெருவின் முதல் வீட்டில் தொடங்கி, ஒவ்வொரு வாசலிலும் இரண்டு நிமிடம் நின்று, கிடைத்ததை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும். இட்லி, பழைய சோறு, காய்ந்த ரொட்டி, அப்பளத் துண்டு எல்லாம் சம்மதம். கொடுக்காவிட்டால் குரைக்காது. நிற்கும். அப்படி நிற்பதைத்தான் யாராலும் தாங்க முடியாது. "மாமூல் குடுத்து அனுப்புடி" என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குரல் உள்ளேயிருந்து வரும்.

இதிலிருந்து தெரு ஒரு முடிவுக்கு வந்திருந்தது. ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன், கைநிறையச் சம்பளம், முப்பத்து மூன்று வயதுக்கு இன்னும் கல்யாணமாகாத ஒற்றையாள். இருந்தும் நாயைப் பட்டினி போடுகிறான். முடிவைக் கமலவேணிதான் எடுத்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தெருவில் முப்பத்தாறு வீடு. இருபத்தெட்டு வீட்டுக்கு இட்லி மாவு அவளிடமிருந்து போகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தூக்குவாளியோடு வருகிறவர்கள் மாவை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவதில்லை.

"பசிக்கல அக்கா அதுக்கு." அரவிந்தன் குரல் இறங்கிவிட்டது. "மாத்திரைதான் பசிக்குதுன்னு சொல்லுது. வலிப்பு மாத்திரை. வயிறு நெறஞ்சாலும் அதுக்குத் தெரியாது. பதினெட்டு கிலோ இருந்தது இப்ப இருபத்தஞ்சு. நேத்து அரிசி மண்டித் தராசுல நிறுத்துப் பாத்தேன்."

வலிப்பு விஷயம் தெருவுக்குத் தெரியும். பங்குனியில் ஒரு காலை, பால்காரர் வண்டிக்கு முன்னால் ஏட்டு திடீரென்று விழுந்து, நான்கு காலும் காற்றில் நீச்சலடிக்க, வாயில் நுரை தள்ளியது. "காக்கா வலிப்பு!" என்று கத்திக்கொண்டே பீரோச் சாவிக்கொத்தை எடுத்துவந்து அதன் பாதத்துக்குள் திணித்தவள் கமலவேணிதான். இரண்டு நிமிடத்தில் நின்றது. தானாக நின்றிருக்கும் என்று பிற்பாடு அரவிந்தன் சொன்னதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு ஏட்டுக்கு வலிப்பு வந்தபோதெல்லாம் சாவிக்கொத்து முதலில் வந்தது.

மாத்திரை படுத்தும் பாடுதான் தெருவுக்குப் புதிது. கேட்டைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னான். காலை ஏழு, மாலை ஏழு, ஒரு நாள் தவறக் கூடாது. ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் குடித்தவன்போல் தள்ளாடியது. டைல்ஸ் தரையில் வழுக்கிவிடாமல் இருக்க வீடு முழுக்கச் சாக்கு விரித்தான். தள்ளாட்டம் போயிற்று, தாகம் வந்தது. ஒரு நாளைக்கு அரைக்குடம் தண்ணீர் குடிக்கிறது. குடித்தது எங்கே போகும்? ஷிப்ட் முடிந்து வந்ததும் முதல் வேலை சாக்கு அலசிக் காயப்போடுவது. பசி மட்டும் போகவில்லை, போகாது என்று திருச்சி டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு மொத்தமாக வந்து ஆளையே கொண்டுபோய்விடும்.

"நான் எத்தன தட்டு வெச்சாலும் அது ஒங்க செவுத்துல ஏறத்தான் செய்யும்க்கா," என்றான். "அடிச்சாலும் சரி, வஞ்சாலும் சரி. சோறு மட்டும் போட்டுடாதீங்க."

கமலவேணிக்குச் சண்டையை எங்கே விட்டோம் என்பது மறந்துபோயிற்று. உயிரோடிருந்தவரையில் அவள் சுட்ட வடையை மாமியார் ஒருநாளும் நல்லது என்று சொன்னதில்லை. இந்த நாய் இலையோடு தின்றிருக்கிறது. "சரி போ," என்றாள். "மூக்கத் தொடச்சு வுடு, அசிங்கமா இருக்கு."

மறுநாள் ஏட்டு கழுத்தில் ஓர் அட்டையோடு சுற்றுக்குக் கிளம்பியது. 'நான் சாப்பிட்டுவிட்டேன். தயவுசெய்து எதுவும் போடாதீர்கள்.' கொட்டை எழுத்தில், பிழையில்லாமல். தெரு படித்துப் படித்துச் சிரித்தது. "தின்னவன் எவனாவது போர்டு மாட்டிக்கிட்டு வருவானா?" என்றாள் பரிமளா. பாதி வீடு போடுவதை நிறுத்தியது. மீதிப் பாதி, அட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டு இட்லி கொடுத்தது. ஒரு வாரத்தில் அட்டையையே ஏட்டு தின்றுவிட்டது.

கமலவேணி அட்டையை மதித்தவர்களில் ஒருத்தி. அதைவிடப் பெரிய பொறுப்பும் அவளுக்கு வந்திருந்தது. அரவிந்தனுக்கு மதிய ஷிப்ட் வாரங்களில் மாலை ஏழு மணி மாத்திரையைக் கொடுக்க ஆள் வேண்டும். வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்தான். அவளும் போனில் ஏழு மணிக்கு அலாரம் வைத்துக்கொண்டு, பூவன்பழத்தைக் கீறி மாத்திரையை உள்ளே செருகி, "ஏட்டையா, டூட்டி" என்று நீட்டுவாள். பழம் போகும், விரலையும் ஒருமுறை நக்கிச் சரிபார்க்கும். அந்த வீட்டின் பீரோ எந்தப் பக்கம் திறக்கும், அரவிந்தனிடம் எத்தனை சட்டை இருக்கிறது, செந்துறையிலிருந்து அவன் அம்மா அனுப்பிய பெண் போட்டோக்கள் எந்த டப்பாவில் இருக்கின்றன என்பதெல்லாம் சாவியோடு சேர்ந்து வந்த விவரங்கள். அதில் ஒரு சம்பந்தம் அதற்கு முன்பே தட்டிப்போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் வலிப்பு மாத்திரை வாங்குகிறார்கள் என்று பெண் வீட்டுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். யார் சொன்னது என்று தெருவுக்குத் தெரியாது. கமலவேணிக்குத் தெரியும். ஆனால் தன்னைப் பற்றித் தானே பேசிக்கொள்வது அவளுக்கு வழக்கமில்லை.

அவளைப் பற்றி ஏட்டுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயமும் இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன் கமலவேணிக்கு பிபி நூற்றுத் தொண்ணூறைத் தொட்டது. "உப்பைக் குறைங்க, ஊறுகாய், அப்பளம், கருவாடு கிட்டயே போகாதீங்க" என்றார் டாக்டர். அன்று சாயங்காலம் அவள் கணவர் கண்ணையன், எடைமேடையில் லாரிக்கு எடை போட்டே ஓய்வு பெற்றவர், அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த உப்பு ஜாடியை எடுத்துப் பரணில் வைத்தார். "ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா எதுக்கு ரெண்டு கொழம்பு? எனக்கும் அதே போதும்," என்றார். அவ்வளவுதான் பேச்சு. நான்கு வருடமாக அந்த மனிதர் சப்பென்ற குழம்பை முகம் சுளிக்காமல் பிசைந்து சாப்பிடுகிறார். மாவுக்கு உப்புப் போடுவதற்கு மட்டும் ஜாடி பரணிலிருந்து இறங்கி ஏறும்.

புதன்கிழமை தோறும் அவர் கீழப்பழுவூரில் இருக்கும் முக்கால் ஏக்கர் கடலைக்கொல்லையைப் பார்க்க எட்டு மணி பஸ் ஏறுவார். பஸ் முக்குத் திரும்பியிருக்கும் என்று தெரிந்ததும், கமலவேணி கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்பில் தணலைக் கிளறிவிட்டு வாளைக் கருவாட்டை வாட்டுவாள். பழைய சோறு, நான்கு சின்ன வெங்காயம், சுட்ட கருவாடு. மூன்று மணிக்கு அவர் திரும்புவதற்குள் அடுப்பு கழுவி, வாய் கொப்பளித்து, வெற்றிலை போட்டு உட்கார்ந்திருப்பாள். இதில் குற்றம் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதில்லை. உப்பு போடக்கூடாது என்றுதானே சொன்னார்கள்? கருவாட்டில் அவள் ஒரு கல் உப்புகூடப் போட்டதில்லை. கடையில் எப்படிக் கொடுத்தார்களோ அப்படியே சுடுகிறாள்.

ஆடி அமாவாசைக்கு அடுத்த புதன்கிழமை, ஏட்டு கொல்லைப்புறப் படலைத் தலையால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. வந்து நின்றது. கமலவேணி தட்டையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்தா, வெளிய சொல்லக் கூடாது," என்று இரண்டு தலையையும் ஒரு நடுத்துண்டையும் போட்டாள். சோறுதான் போடக்கூடாது என்றான் அந்தத் தம்பி. அன்று முதல் அது வாராவாரம் வந்தது. அவள் வாராவாரம் கொடுத்தாள். அவளிடம் இத்தனை வீட்டு ரகசியம் இருந்தது, அவள் ரகசியத்தை வைத்திருக்க ஓர் ஆள் வேண்டாமா? அது தின்னும்போது அவளுக்குத் துணைக்கு ஒருவர் சாப்பிடுவதுபோல் இருந்தது. அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து ருசித்துச் சாப்பிட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது.

ஆவணிக் கடைசியில் ஏட்டுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை ஈரலைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. டாக்டரம்மா பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புரோமைடு என்று ஒரு தண்ணீர் மருந்தைச் சேர்த்தார். பஜார் மெடிக்கலில் வேலை பார்க்கும் சத்யாதான் அதைத் திருச்சியிலிருந்து வரவழைத்துக் கொடுத்தாள். அரியலூர் முழுக்க அந்த மாத்திரை நாய்க்குத்தான், ஆளுக்கு இல்லை என்று சீட்டைப் படித்து அறிந்த ஒரே பெண்ணும் அவள்தான். 'ஏட்டு, ஆண், 25 கிலோ' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, "ரொம்ப ஒல்லியான ஏட்டா இருக்காரே சார், எந்த ஸ்டேஷன்?" என்றாளாம். அரவிந்தன் சிரித்ததை மெடிக்கலுக்குப் போயிருந்த பரிமளா பார்த்திருக்கிறாள். அன்று ஐந்து மணிக்கே அது மாவோடு சேர்ந்து இருபத்தெட்டு வீட்டுக்கும் போயிற்று.

"இந்த மருந்துக்கு ஒரே ஒரு பத்தியம்க்கா," என்று சொல்லிவிட்டுத்தான் கமலவேணியிடம் பாட்டிலைக் கொடுத்தான். "உப்பு. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. தினம் ஒரே அளவு. உப்பு கூடுனா மருந்தை மூத்திரத்துல இழுத்துட்டுப் போயிடும். வலிப்பு திரும்பி வந்துரும்."

"எங்க வூட்டுல உப்பு ஏது தம்பி? ஜாடி பரண்ல இருக்கு," என்றாள் கமலவேணி. மனசாரத்தான் சொன்னாள்.

புரட்டாசி பிறந்தது. அந்த மாதம் அவள் கவுச்சி தொடமாட்டாள். புதன்கிழமைகளில் ஏட்டு வந்து நின்று, தணல் இல்லாத அடுப்பை மோந்துவிட்டுப் போனது. முப்பது நாளும் ஒரு வலிப்பு இல்லை. அரவிந்தன் முகத்தில் வெளிச்சம் வந்தது. புதுச் சட்டை ஒன்று எடுத்தான்; நீலக் கட்டம், முழுக்கை.

ஐப்பசி மூன்றாம் வாரம், விடிந்தும் விடியாததுமாக ஏட்டு விழுந்தது. இரண்டு நாள் விட்டு மறுபடி. அந்த வாரத்திலேயே மூன்றாவது. சாவிக்கொத்து மூன்று முறையும் போயிற்று. மூன்றாவது முறை ஐந்து நிமிடத்துக்குமேல் இழுத்தது. முடிந்தபிறகும் ஏட்டுக்குக் கண் தெரியவில்லை, சுவரில் போய் முட்டிக்கொண்டது. அரவிந்தன் போனில் டாக்டரம்மாவிடம் கேட்டான். மருந்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினான்.

அன்று சாயங்காலம் கமலவேணியின் வாசற்படியில் வந்து உட்கார்ந்தான். மாவு வாங்க வரவில்லை.

"எங்க தப்பு பண்ணேன்னு தெரியலக்கா. அலாரம் ஒரு நாள் தவறல. உப்பு நானே ஸ்பூன்ல அளந்து போடுறேன். புரட்டாசி முழுக்க எவ்வளவு நல்லா இருந்துச்சு? ஐப்பசி பொறந்து என்ன மாறுச்சு? ஒண்ணுமே மாறலியே!"

மாவைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்த கமலவேணியின் கை நின்றது. புரட்டாசி. ஐப்பசி. கரண்டியிலிருந்து மாவு வழிந்து முழங்கைவரை இறங்கியதை அவள் கவனிக்கவில்லை. நான்கு வருடமாகக் கருவாட்டின் உப்பு தன் கணக்கில் வராது என்று தள்ளிவைத்திருந்தவளுக்கு, அது இப்போது ஒரு நாயின் கணக்கில் வந்து நின்றது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல தம்பி. எல்லாம் சரியாப் போயிடும், பாரு."

சரியாக்கிவிடலாம் என்றுதான் நினைத்தாள். கருவாட்டை நிறுத்திவிட்டால் தீர்ந்தது. எதற்கு ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்? சொன்னால் அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்தால் கண்ணையனுக்குத் தெரியும். நான்கு வருடத்துச் சப்பைக் குழம்பையும் அந்த மனிதர் முகத்தையும் நினைத்தபோது சொல்லவே வேண்டாம் என்று முடிவு செய்தாள். மீதியிருந்த கருவாட்டைப் பேப்பரில் சுற்றி, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போடாமல் (ஏட்டுக்கு அது தெரியும்) மார்க்கெட் பக்கத்துத் தொட்டிவரை நடந்துபோய்ப் போட்டாள். அடுத்த புதன்கிழமை ஏட்டு வந்து நின்றபோது, "இல்ல ஏட்டையா. மாமூல் கெடையாது இனிமே," என்றாள். அது நம்பவில்லை. அடுப்புக்கு முன்னால் மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தது.

வலிப்பு நின்றது. அவளும் மூச்சு விட்டாள். பதினைந்து நாள்தான். கார்த்திகை பாதியில் ஏட்டின் பின்னங்கால் இரண்டும் குறுக்கே போக ஆரம்பித்தன. தெருச் சுற்று ஐந்து வீட்டோடு நின்றது, பிறகு இரண்டு வீடு, பிறகு வாசல். கடைசியில் எழுந்திருக்கவே இல்லை. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்து, யாரோ தூரத்துச் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்தது. பூவன்பழத்தை மூக்குக்கு நேராக வைத்தாள். பழத்தில் எறும்பு வந்தது. ஏட்டு வாயைத் திறக்கவில்லை. அன்றுதான் கமலவேணி பயந்தாள். அது பசிக்கவில்லை என்று சொன்ன முதல் நாள் அது.

மறுநாள் காலை திருச்சிக்குக் கார் வந்து நின்றது. அரவிந்தன் ஏட்டின் வயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தூக்க, கண்ணையன் பின்பக்கம் பிடித்துக்கொண்டார். அன்று புதன்கிழமை, எட்டு மணி பஸ்ஸை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஈரல் போயிருக்கும்னு நெனைக்கிறேன்," என்றான் அரவிந்தன், அவரிடம். கண் சிவந்திருந்தது. "இதுக்குமேல போட்டு வதைக்க வேணாங்கய்யா. டாக்டரம்மாகிட்ட ஊசி போட்டுடச் சொல்லிரலாம்னு இருக்கேன். வலிக்காதாம்."

கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த கமலவேணி, "கருவாடு," என்றாள்.

இருவரும் திரும்பினார்கள். எதிர் வீட்டு கேட் கால்வாசி திறந்தது.

"டாக்டரம்மாகிட்ட கருவாடுன்னு சொல்லு. வாளைக் கருவாடு. ரெண்டு தலை, ஒரு நடுத்துண்டு. புதங்கெழமக்கிப் புதங்கெழம. புரட்டாசியில இல்ல, ஐப்பசியில குடுத்தேன். அப்புறம் நீ வாசப்படியில ஒக்காந்து அழுதியே, அன்னையிலேருந்து நிறுத்திட்டேன். ஒரு துண்டு குடுக்கல, சாமி சத்தியம்."

"யாருக்குக் குடுத்தீங்க?"

"இதுக்குத்தான். நான் தின்னத..." அவள் கண்ணையனைப் பார்த்தாள். "நான் தின்னதுல குடுத்தேன்."

மருந்து கூட்டியது, கருவாடு நின்றது, கால் போனது என்று ஒவ்வொன்றாக அரவிந்தன் முகத்தில் வரிசையாக வந்து உட்காருவது தெரிந்தது. பேசியது கண்ணையன்தான். ஏட்டின் பின்னங்கால்களைப் பிடித்த பிடியை விடாமல், அவளைப் பார்க்காமல், ஒரே ஒரு சொல்.

"புதங்கெழமயா."

காரில் கமலவேணியும் ஏறிக்கொண்டாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் இறங்கச் சொல்லவும் இல்லை. திருச்சிவரை ஏட்டின் தலை அவள் மடியில் கிடந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றரை மணி நேரம் எதுவும் பேசாமல் பயணம் செய்தாள்.

டாக்டரம்மா முழுவதும் கேட்டுக்கொண்டார். "போட்டப்பவும் சொல்லல, நிறுத்துனப்பவும் சொல்லல," என்றார். "உப்பு மருந்தை வெளிய தள்ளுச்சு, நான் மருந்தைக் கூட்டுனேன். நீங்க உப்பை நிறுத்திட்டீங்க, கூட்டுன மருந்து அத்தனையும் உள்ளயே தங்கிருச்சு. இது நோய் இல்ல. மருந்து ஏறுன மயக்கம்." அப்புறம் அரவிந்தனைப் பார்த்து, "ஊசியெல்லாம் வேணாம். ட்ரிப் போடலாம்," என்றார்.

"என்னா ட்ரிப்பு டாக்டர்?" என்றாள் கமலவேணி.

"உப்புத் தண்ணிதான்மா."

"உப்பு ஆகாதுன்னீங்களே!"

"அன்னைக்கு ஆகாது. இன்னைக்கு அதுதான் மருந்து."

சாயங்காலம்வரை சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீர் இறங்கியது. நான்கு முறை சாக்கு மாற்றினார்கள். நான்கையும் கமலவேணியே அலசினாள். ஐந்து மணிக்கு ஏட்டு தலையைத் தூக்கி, பக்கத்து நாய்க்கு யாரோ வைத்திருந்த பால் கிண்ணத்தைப் பார்த்தது. மோந்தது. பிறகு, பின்னங்கால் வராததால், முன்னங்காலால் மட்டும் தரையை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக நகர ஆரம்பித்தது. அரவிந்தன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். சிரிக்கிறானா அழுகிறானா என்று, யாருக்கு என்ன என்பதை நொடியில் சொல்லிவிடும் கமலவேணிக்கே அன்று தெரியவில்லை.

"தம்பி, என்னை ரெண்டு வார்த்த வையேன்," என்றாள்.

"வையணும்னுதான்க்கா இருக்கேன். மொதல்ல அது எழுந்து நிக்கட்டும்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மதிய ஷிப்ட் வாரம் வருது. ஏழு மணி மருந்துக்கு அலாரம் இருக்குல்ல ஒங்ககிட்ட?" என்றான்.

மறுநாள் மதியம் வீட்டில் சாப்பிட உட்காருமுன் கண்ணையன் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து ஜாடியை இறக்கினார். தன் குழம்பில் மட்டும் ஒரு சிட்டிகை போட்டு, விரலால் கலக்கி, கண்ணை மூடிக்கொண்டு முதல் வாயை விழுங்கினார். பிறகு ஜாடியை மூடி, அவள் கைக்கு எட்டாத தூரத்தில், தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கமலவேணி சப்பைக் குழம்பைப் பிசைந்தாள். "நல்லாருக்கா?" என்று கேட்டாள். "ம்," என்றார். அடுத்த புதன்கிழமையும் கடலைக்கொல்லைக்குப் போனார். ஆனால் பதினோரு மணி பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.

கார்த்திகைக் கடைசியில் ஏட்டு எழுந்து நடந்தது. பசி பழையபடி வந்தது. டாக்டரம்மா, உப்பில்லாமல் வேகவைத்த சுரைக்காய் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஆனால் தினமும் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதனால் காலை ஒன்பது மணிக்குக் கமலவேணி ஒரு சட்டியோடு தெருவின் முதல் வீட்டில் நின்றாள். ஏட்டுக்கு முன்னால் அவள் நடந்து, "யாரும் எதுவும் போடாதீங்க, போட்டா என்கிட்ட சொல்லிட்டுப் போடுங்க," என்று வாசலுக்கு வாசல் அறிவித்து, அவரவர் கையில் இரண்டு துண்டு சுரைக்காயைக் கொடுத்து, அதை அவர்களே மாமூலாகப் போடவைத்தாள். அப்பளத் துண்டை மறைத்து வைத்திருந்த பரிமளா பிடிபட்டாள். அவள் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு ("நீ போட்ட கருவாட்டவிடவா?") கமலவேணி இன்னொரு துண்டு சுரைக்காயைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டியது அந்தத் தெரு கண்ட அதிசயங்களில் ஒன்று.

தை மாதம் அரவிந்தன் மெடிக்கல் சத்யாவைக் கல்யாணம் செய்துகொண்டான். செந்துறையில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. கமலவேணி செந்துறைக்கே நேரில் போய், பெண் கிடைத்த கதையில் தொடங்கி, வலிப்பு யாருக்கு, மாத்திரை யாருக்கு, முன்னால் தட்டிப்போன சம்பந்தத்துக்கு வத்தி வைத்தது யார் என்பதுவரை மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தாள். கடைசி விவரத்தைச் சொல்லும்போது மட்டும் தண்ணீர் கேட்டாளாம். சித்திரையில் சத்யா பெரம்பலூரில் சொந்தமாக மெடிக்கல் ஷாப் போட, இருவரும் அங்கே குடிபோனார்கள். டாடா ஏஸில் கட்டிலுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே, சாக்கு மெத்தையில் ஏட்டு உட்கார்ந்திருந்தது. முக்குத் திரும்பும்வரை வேறெங்கும் பார்க்காமல் கமலவேணியின் கையிலிருந்த சட்டியைத்தான் பார்த்தது. பரிமளாவின் மகள் சண்முகப்பிரியாவும் அந்த வைகாசியில் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். அந்த வீட்டுக்குப் போகும் மாவு பாதியாகக் குறைந்தது.

ஆடி அமாவாசை வந்தது. போன வருஷச் சண்டைக்குப் பிறகு, இலையை மோட்டார் அறை மேல்தளத்தில்தான் வைப்பது என்று முடிவாகியிருந்தது. கமலவேணி அதைப் பழைய கொல்லைப்புறச் சுவரிலேயே வைத்தாள்.

"அங்க ஏன் வெக்கிற? நாயி..." என்று ஆரம்பித்த கண்ணையன் நிறுத்திக்கொண்டார்.

அவள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவருக்குக் கீழே ஏட்டு குடித்த பிளாஸ்டிக் பேசின் இருந்தது. அவள் இன்னும் தினமும் கழுவி நிரப்புவதால் தண்ணீர் தெளிவாக இருந்தது. வெகுநேரம் கழித்து ஒரு காக்கை வந்தது. பாயசத்தைப் பார்த்தது, பொரியலைக் கிளறியது, வடையைக் கவ்வியது. பறந்துவிடும் என்று அவள் நினைத்தாள். அது தத்தித் தத்திக் கீழே இறங்கி, பேசின் விளிம்பில் உட்கார்ந்து, வடையைத் தண்ணீரில் முக்கியது. "உப்பு தூக்கலா அத்தே?" என்றாள் கமலவேணி. அது எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் முக்கியது.